கொக்கிமூக்கனும் இஸ்தோப்பு லைட்டும்

நம்ம நாட்டுல ஹம்மிங்பேர்ட் கிடையாது. இதை முதல்லயே சொல்லிட்டா பாதிப் பிரச்சினை முடிஞ்சிடும். வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் ஹட்டன் பக்கமோ நுவரெலியா பக்கமோ எடுத்த போட்டோவை ஃபேஸ்புக்ல போட்டு, "எங்க தோட்டத்துக்கு வந்த ஹம்மிங்பேர்ட்" என்று எழுதுவாங்க. கீழே வரிசையா ஹார்ட். "இது தேன்சிட்டு" என்று யாராவது கமெண்ட் போட்டா அவருக்கு ஒரு லைக் கூட விழாது. நான் மூணு தடவை போட்டுப் பார்த்திருக்கேன்.

ஹம்மிங்பேர்ட் குடும்பத்துல 350க்கும் மேல இனங்கள் இருக்கு. எல்லாமே அமெரிக்கக் கண்டங்கள்லயும் அதைச் சுத்தின தீவுகள்லயும்தான். கியூபாவுல இருக்கிற ஒண்ணு 2 கிராம் எடைகூட இருக்காது, உலகத்திலேயே சின்னப் பறவை அது. நம்ம பக்கம் இருக்கிறது தேன்சிட்டு. ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியாவோட வடக்கு ஓரம் வரைக்கும் பரவின வேற ஒரு குடும்பம். ரெண்டுக்கும் நீள மூக்கு, நீள நாக்கு, மினுமினுப்பு, சின்ன உடம்பு. ஆனா சொந்தம் கிடையாது. ஹம்மிங்பேர்டுக்கு நெருங்கின சொந்தம், சாயங்காலம் ஃபேக்டரிக் கூரைக்கு மேல வட்டம் போடுற உழவாரக் குருவி. நம்ப முடியலதான், ஆனா அதுதான் உண்மை. தேன்சிட்டோ, காக்கா, மைனா எல்லாம் இருக்கிற பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது. அதாவது தேன்சிட்டு ஹம்மிங்பேர்டுக்குச் சொந்தம் என்பதைவிட, காக்காவுக்குச் சொந்தம் என்று சொல்றது சரி. பூவிலிருந்து தேன் குடிச்சு வாழணும் என்றால் உடம்பு எப்படி இருக்கணுமோ அப்படி ரெண்டு இடத்துல தனித்தனியா வந்து சேர்ந்திருக்கு.

பார்த்த உடனே வித்தியாசம் தெரிய ஒரு வழி இருக்கு. ஹம்மிங்பேர்ட் அந்தரத்துல நின்னுக்கிட்டே குடிக்கும், பின்பக்கமாகூடப் பறக்கும். தேன்சிட்டு கிளையையோ பூக்காம்பையோ பிடிச்சு உட்கார்ந்து, தலைகீழா தொங்கி, கழுத்தை வளைச்சுக் குடிக்கும். அவசரத்துக்கு ரெண்டு மூணு செக்கன் அந்தரத்துல படபடக்கும். அந்த ரெண்டு செக்கன்லதான் போட்டோ எடுக்கிறவங்க க்ளிக் பண்ணிடுறாங்க.

சரி, நம்ம ஆட்களுக்கு வருவோம். இலங்கையில சாதாரணமா பார்க்கக் கிடைக்கிற தேன்சிட்டு மூணு. அதுல ஊதாத் தேன்சிட்டு வறண்ட பக்கத்து ஆள். யாழ்ப்பாணம், வவுனியாவிலிருந்து கம்பஸ் நண்பர்கள் அனுப்புற போட்டோ பெரும்பாலும் அதுதான். எங்க தோட்டப் பக்கம், அதாவது டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா சுத்துவட்டாரத்துல, நான் தினமும் பார்க்கிறது மத்த ரெண்டு: ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு. நுவரெலியா உசரத்துக்குப் போனா ரெண்டுமே குறைவாத்தான் என் கண்ணுல படுது. அங்க பூவுல மொய்க்கிறது கண்ணைச் சுத்தி வெள்ளை வளையம் போட்ட வெள்ளைக்கண்ணி. அதையும் ஹம்மிங்பேர்ட் என்று ஒருத்தர் போட்டிருந்தார். அதுக்கு நான் கமெண்ட் போடல.

அம்மாவுக்கு இந்தப் புத்தகப் பேரெல்லாம் தெரியாது. அவங்க கொழுந்து எடுக்கப் போகும்போது ரெண்டையும் பார்த்திருக்காங்க, ரெண்டும் வேற வேற என்று எப்பவோ கண்டுபிடிச்சிட்டாங்க. ஒண்ணு "மஞ்ச வகுறு". இன்னொண்ணு "கொக்கிமூக்கன்". இந்தப் பேருங்க ரொம்பச் சரியானது, அதனால இந்தக் கட்டுரையிலயும் அதையே வச்சுக்கிறேன்.

மஞ்ச வகுறு 10 சென்டிமீட்டர்தான். சேவலுக்கு முதுகு கருஞ்சிவப்பு, தலையில ஒரு பச்சைத் திட்டு, தொண்டையும் பிட்டமும் ஊதா, வயிறு எலுமிச்சை மஞ்சள். கொக்கிமூக்கன் அதைவிட ஒரு மூணு சென்டிமீட்டர் பெருசு, 13 இருக்கும். அந்தக் கூடுதல்ல நல்ல பங்கு மூக்குக்குப் போயிடுது. சேவல் உடம்பு பச்சையும் ஊதாவுமா மின்னும், நெஞ்சுல கருஞ்சிவப்புல ஒரு பட்டி, வயிறு புகை படிஞ்ச மாதிரி பழுப்பு.

இதெல்லாம் வெயில்ல. எங்க ஊர்ல வெயில் எங்க இருக்கு? பாதி நாள் மிஸ்ட். தேன்சிட்டோட அந்த மினுமினுப்பு சாயம் கிடையாது. இறகுக்குள்ள இருக்கிற நுண்ணிய அடுக்குகள்ல வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது உண்டாகிற நிறம். வெளிச்சம் சரியான கோணத்துல விழலன்னா நிறமும் இல்ல. அதனால மிஸ்ட்டுக்குள்ள கொக்கிமூக்கன் வெறும் கறுப்பு. நனைஞ்ச கரித்துண்டு மாதிரி. ஆனா மஞ்ச வகுறோட மஞ்சள் நிஜமான நிறமி, அது மிஸ்ட்டுலயும் மஞ்சள்தான். புத்தகத்துல பச்சை, ஊதா, கருஞ்சிவப்பு என்று அரைப் பக்கம் எழுதியிருப்பாங்க. அம்மா வயித்தையும் மூக்கையும் மட்டும் பார்த்துப் பேர் வச்சாங்க. காலையில ஏழரை மணிக்கு பத்தாம் நம்பர் மலையில நின்னு பார்க்கிற ஒருத்தருக்கு வேற எதுவும் தெரியாது.

மூக்கு வித்தியாசம் வெறும் அழகுக்கு இல்ல. எங்க லயத்துக்கு முன்னால ஒரு செவ்வரத்தை நிக்குது. கொக்கிமூக்கன் வந்தா பூவோட வாய்ப்பக்கம் தொங்கி மூக்கை உள்ளே விட்டுடும். அப்போ மகரந்தம் தலையில ஒட்டும், அடுத்த பூவுக்குப் போகும். மஞ்ச வகுறுக்கு அவ்வளவு நீளம் பத்தாது. அது என்ன செய்யும் தெரியுமா? பூவோட அடிப்பக்கத்துல, காம்புக்கிட்ட, பக்கவாட்டுல ஒரு ஓட்டை போட்டு அதுவழியா குடிச்சிட்டுப் போயிடும். பூவுக்கு ஒரு லாபமும் இல்ல. இதைத் தேன் திருட்டு என்றுதான் விஞ்ஞானத்துலயும் சொல்றாங்க. கொக்கிமூக்கனும் யோக்கியன் இல்ல, அவசரம் என்றால் அதுவும் ஓட்டை போடும், நானே பார்த்திருக்கேன். ஆனா செவ்வரத்தையில மஞ்ச வகுறு திருடுறதுதான் வழக்கம். வாழைப்பூவுலயும் சவுக்கு மரத்துப் பூவுலயும் மூக்கு நீளம் ஒரு பிரச்சினையே இல்ல, ரெண்டும் வந்து மொய்க்கும்.

சவுக்கு என்று நாங்க சொல்றது கிரவிலியா. நிழலுக்காக தேயிலைக்கு நடுவில நட்ட மரம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஆரஞ்சு நிறத்துல சீப்பு மாதிரிப் பூ, கையில தட்டினா தேன் சொட்டும். தேயிலை இங்க வந்த மரம், சவுக்கு வந்த மரம், செவ்வரத்தை வந்த செடி, எங்க ஆட்களும் வந்தவங்க. தேன்சிட்டு மட்டும்தான் இங்கயே இருந்தது. அது இந்த வந்த மரங்கள்ல ஒரு சங்கடமும் இல்லாம குடிச்சிட்டு இருக்கு.

இந்த ரெண்டு பறவைக்கும் விஞ்ஞானப் பேர் வச்சது ஒரே ஆள், ஒரே வருஷம். 1766ல லின்னேயஸ். மஞ்ச வகுறுக்கு "சைலோனிக்கா" என்று நாட்டோட பேர். கொக்கிமூக்கனுக்கு "லோட்டேனியா" என்று ஒரு கவர்னரோட பேர். ஜொவான் கிடியன் லோட்டன், 1752லிருந்து 1757 வரைக்கும் இலங்கையில டச்சுக் கவர்னரா இருந்தவர். பறவைகள் மேல அவருக்கு நிஜமாவே ஆசை இருந்திருக்கு, அதை மறுக்க முடியாது. ஆனா படம் வரைஞ்சது அவர் இல்ல. பீட்டர் கொர்னேலிஸ் டி பெவெரே என்று ஒருத்தர், இலங்கையிலேயே பிறந்த கலப்பு வம்சாவளிக்காரர். கவர்னர் சொல்லி அவர் வரைஞ்ச படங்கள் இப்போ லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்துல இருக்கு. எங்க செவ்வரத்தையில தொங்குற பறவையில கவர்னர் பேர் இருக்கு, வரைஞ்சவர் பேர் இல்ல. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவுல தேயிலை நட்டது 1867ல. லின்னேயஸ் பேர் வச்சு சரியா 101 வருஷம் கழிச்சு.

இன்னொருத்தரையும் சொல்லணும். ஜி. எம். ஹென்றி. இலங்கைப் பறவைகள் பத்தி 1955ல வந்த அவரோட புத்தகத்தை இன்னும் ஆட்கள் தேடிப் படிக்கிறாங்க. அவர் 1891ல பிறந்தது கந்தப்பளைப் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்துல. அப்பா தோட்டத்தை நடத்தினவர். இது தெரிஞ்சப்போ எனக்கு சந்தோஷமும் வந்துச்சு, கொஞ்சம் எரிச்சலும் வந்துச்சு. பங்களாத் தோட்டத்துல ஒரு பையன் பார்த்த அதே பறவையை லயத்துல எத்தனை பேர் பார்த்திருப்பாங்க! அவங்க யாரும் எழுதி வைக்கல. எழுதி வைக்கிற நிலைமையில இல்ல. அதுக்கு ஹென்றி என்ன செய்வார், அவர் புத்தகம் நல்ல புத்தகம்.

புத்தகங்கள்ல எனக்குப் பிடிக்காத ஒரு விஷயம், சேவலுக்கு ஒரு பக்கம் எழுதிட்டு பெட்டைக்கு ரெண்டு வரி. ரெண்டு இனத்துப் பெட்டையும் மங்கல் நிறம்தான். மஞ்ச வகுறுப் பெட்டைக்கு தொண்டை சாம்பல் வெள்ளை, அதுக்குக் கீழே மஞ்சள். கொக்கிமூக்கன் பெட்டைக்கு தொண்டையிலிருந்தே ஒரே அழுக்கு மஞ்சள், முதுகு கருத்த பச்சை, அதோட அந்த மூக்கு. தூரத்துல மூக்கு தெரியலன்னா குழப்பம்தான். ஆனா கூட்டைக் கட்டுறது பெரும்பாலும் இந்த மங்கல் ஆள்.

கூடு பத்தித்தான் எனக்கு நிறைய சொல்ல இருக்கு, ஏன்னா இந்த வருஷம் அது எங்க லயத்துல ஒரு சண்டையையே உண்டாக்கிடுச்சு.

மார்ச் நடுவில அம்மா போன் பண்ணி, "மஞ்ச வகுறு நம்ம இஸ்தோப்புல கூடு கட்டுது" என்றாங்க. எங்க கட்டுது என்று கேட்டேன். "லைட்டு வயர்ல." எங்க காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவில, கூரையிலிருந்து ஒரு வயர் தொங்கி, அதுல ஒரு பல்பு. அந்தப் பல்புக்கு ஒரு சாண் மேல வயரைச் சுத்திப் பெட்டை கட்ட ஆரம்பிச்சிருக்கு. சிலந்தி வலையை இழுத்து இழுத்துப் பசை மாதிரி ஒட்டும். நார், காய்ஞ்ச இலை, பஞ்சு, வெளியில மரப்பட்டைத் துணுக்கு, புழு எச்சம் எல்லாம் ஒட்டி வைக்கும். பார்த்தா ஏதோ குப்பை காத்துல வந்து சிக்கின மாதிரித் தெரியும். அதுதான் அதுக்கு வேணும். பக்கவாட்டுல வாசல், வாசலுக்கு மேல சின்னதா ஒரு தாழ்வாரம்கூட இருக்கும். அம்மா சொன்னது: "நமக்கு தகரம் ஒழுகுது, அதுக்கு ஒழுகாது."

அம்மா லைட்டைப் போடக் கூடாது என்று முடிவு பண்ணிட்டாங்க. சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் பயந்து குருவி விட்டுட்டுப் போயிடும் என்று. பக்கத்துக் காம்பரா அம்மாயி ஒத்துக்கல. அந்த சுவிட்ச் அவங்க பக்கம்.

அம்மாயிக்கு எழுபது தாண்டிருச்சு. ராத்திரியில ரெண்டு தடவையாவது வெளிய போகணும். கக்கூஸ் லயத்தோட அந்தக் கடைசியில, தேயிலையை ஒட்டி. இஸ்தோப்பு லைட்டோட வெளிச்சம்தான் பாதி வழி வரைக்கும் விழும், அதுக்கு அப்புறம் டார்ச். பெப்ரவரியில எங்க லயத்து நாய் ஒண்ணைச் சிறுத்தை தூக்கிடுச்சு. எங்க பக்கம் இது புதுசு இல்ல. தேயிலைக்கு நடுவில மிச்சம் இருக்கிற காட்டுத் துண்டுகள்ல சிறுத்தை இருக்கு. 2020 மே மாசம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒண்ணு கம்பிச் சுருக்குல மாட்டி, பிறகு செத்தும் போச்சு. அது நாடு முழுக்க நியூஸ். நாய் போனது நியூஸ் இல்ல.

அம்மாயி கேட்டாங்களாம், "ஏண்டி, எனக்கு உசுரு பெருசா, உன் குருவிக்கு உசுரு பெருசா?" அம்மா, "ரெண்டும்தான் பெருசு, ஒரு மாசம் பொறுங்களேன்" என்று சொல்லியிருக்காங்க. "ஒரு மாசத்துல நான் இருப்பேனா பாரு." ரெண்டு நாள் பேச்சு இல்ல. மூணாவது நாள் அம்மாயி லைட்டைப் போட்டாங்க. அம்மா போய் நிப்பாட்டினாங்க. லயத்துல ஆறு காம்பராவும் ரெண்டு கட்சி.

கம்பஸ்ல இருந்து போன்ல இதைக் கேட்டுக்கிட்டு இருந்த எனக்கு, உண்மையைச் சொன்னா, அம்மாயி பக்கம்தான் நியாயம் என்று பட்டுச்சு. எனக்குத் தேன்சிட்டு பிடிக்கும், ஆனா எழுபது வயசு ஆளை இருட்டுல நடக்கச் சொல்லிக் காப்பாத்துற அளவுக்கு இல்ல. சுற்றாடல் தினத்துக்கு கம்பஸ்ல ஒட்டுற போஸ்டர்கள்ல எப்பவும் ஒரு பறவையும் ஒரு கையும் இருக்கும். அந்தக் கை யாரோடது, அந்தக் கைக்காரர் ராத்திரி எங்க ஒண்ணுக்குப் போறார் என்று போஸ்டர்ல இருக்காது. அதுக்காக அம்மாவைத் தப்பு சொல்லவும் எனக்கு மனசு வரல. காலையிலிருந்து மழையிலயும் அட்டைக் கடியிலயும் நின்னுட்டு வந்து, சாயங்காலம் இஸ்தோப்புல பிளேன்டீ குடிச்சுக்கிட்டு அந்தக் கூட்டைப் பார்க்கிற பத்து நிமிஷம், அவங்க நாள்ல அவங்களுக்குன்னு இருக்கிற பத்து நிமிஷம்.

கடைசியில ஒரு உடன்பாடு வந்துச்சு. ராத்திரி அம்மாயி வெளிய போகணும் என்றால் சுவரைத் தட்டணும், அம்மா எழும்பி டார்ச்சோட கூடப் போகணும். ஒரு மணிக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு. அம்மா அஞ்சுக்கு எழும்புற ஆள். கிட்டத்தட்ட மூணு வாரம் இது நடந்திருக்கு. எனக்குச் சொல்லவே இல்ல, தங்கச்சி சொல்லித்தான் தெரியும்.

நான் சித்திரைப் புத்தாண்டு லீவுக்கு ஏப்ரல் 9ஆம் திகதி போனேன். கூட்டுக்குள்ள ரெண்டு குஞ்சு, பொரிச்சு ரெண்டு மூணு நாள்தான் ஆகியிருக்கும். தேன்சிட்டு என்று பேரே தவிர குஞ்சுக்குப் போற சாப்பாட்டுல முக்கியம் பூச்சி, சிலந்தி. சேவலும் பெட்டையும் மாறி மாறிக் கொண்டு வரும். நான் ஒரு நாள் காலையில உட்கார்ந்து எண்ணினேன், ஒரு மணித்தியாலத்துல 14 தடவை. அந்தப் பக்கம் செவ்வரத்தைக்கு கொக்கிமூக்கன் வந்தா, மஞ்ச வகுறுச் சேவல் போய் முட்டித் துரத்தும். தன்னைவிடப் பெருசு, மூக்கு கத்தி மாதிரி, ஆனாலும் ஓடிப் போறது கொக்கிமூக்கன்தான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்க எனக்குக் கிடைச்ச நல்ல சான்ஸ் இந்தச் சண்டைகள்தான். சத்தமும் வேற. மஞ்ச வகுறு மெலிசா "ட்ஸீ ட்ஸீ" என்று இழுக்கும். கொக்கிமூக்கன் கறாரா "சிட் சிட்" என்று வெட்டும்.

12ஆம் திகதி அம்மாயியோட மகன் கொழும்பிலிருந்து வந்தார். நாங்க அண்ணே என்றுதான் கூப்பிடுவோம், ஹார்ட்வேர் கடையில வேலை. கதையைக் கேட்டுச் சிரிச்சார். பிறகு எழும்பிப் போய் கக்கூஸ் வழியை ஒரு தடவை நடந்து பார்த்தார். திரும்பி வந்து யார்கிட்டயும் ஒண்ணும் பேசல. மறுநாள் டவுனுக்குப் போய் வயர், ஹோல்டர், ஒரு எல்ஈடி பல்பு வாங்கிட்டு வந்து, அவங்க குசினி ஜன்னல் வழியா இழுத்து, கக்கூஸ் சுவர்ல நேரா மாட்டிட்டார். பின்னேரம் அஞ்சு மணிக்குள்ள வேலை முடிஞ்சுது.

அங்க ஒரு லைட் வேணும் என்று நான் ஓஎல் எழுதின வருஷம் லயத்துல எல்லாரும் கையெழுத்துப் போட்டுத் தோட்டத்துக்கு ஒரு லெட்டர் கொடுத்தோம். எழுதினது நான்தான், கையெழுத்து நல்லா இருக்கும் என்று. பதில் வரல. லைட்டு வேண்டிய இடம் எது என்று எல்லாருக்கும் எப்பவோ தெரியும். ஒரு குருவி தப்பான இடத்துல இருந்த லைட்டுல வந்து கட்டினதாலதான் சரியான இடத்துக்கு லைட்டு வந்துச்சு. கரண்ட் பில் அம்மாயி வீட்டுக் கணக்கு. அம்மா மாசம் 200 ரூபா தர்றதா சொன்னாங்க, அம்மாயி வாங்கல.

குஞ்சு ரெண்டும் 24ஆம் திகதி காலையில பறந்துச்சு. முதல்ல ஒண்ணு செவ்வரத்தைக்குப் போய் உட்கார்ந்து கத்துச்சு. மத்தது இஸ்தோப்புத் தரையில விழுந்து, பூனை பார்க்கிறதுக்குள்ள அம்மாயி முந்தானையில எடுத்துச் செடியில விட்டாங்க. "போ சனியனே, உன்னால நான் பட்ட பாடு" என்று திட்டினாங்க. சேவல் பக்கத்துல வந்து உட்கார்ந்து அம்மாயியைத் திட்டுச்சு.

கூடு இன்னும் வயர்ல தொங்குது. பல்பைக் கழட்டிட்டோம்.

கொக்கிமூக்கன் கூட்டை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. அது எங்க லயத்துப் பக்கம் கட்டினதே இல்ல, சாப்பாட்டுக்கு மட்டும் வந்துட்டுப் போகுது. போன வாரம் அம்மா போன் பண்ணி, பத்தாம் நம்பர் மலையில, ஓடையை ஒட்டி நிக்கிற முள்ளுமுருங்கையில ஒண்ணு தொங்குது, உள்ளே போறது மூக்கு நீளமான பெட்டை என்று சொன்னாங்க. அவங்க சொன்னா நம்பலாம். அந்த மலைக்கு அடுத்த மாசம் கவ்வாத்து வருது, அதோட நிழல் மரத்துக் கிளைகளையும் வெட்டுவாங்க. அம்மா கங்காணிகிட்ட அந்த ஒரு மரத்தைக் கடைசியா வெட்டச் சொல்லிக் கேட்டிருக்காங்க. "பார்ப்போம்" என்றாராம். எனக்கு எக்ஸாம் முடிய இன்னும் பதினோரு நாள் இருக்கு.